கொண்டி, கயிறு, சங்கிலி: விசேட பிள்ளைகளின் "பாதுகாப்பு" வந்த வழி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நம்ம பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் என்றோ அறிவு வளர்ச்சி பிந்தியிருக்கிறது என்றோ தெரியவந்தால் வீட்டார் முதலில் தேடுவது டொக்டரை. அடுத்ததாகத் தேடுவது கதவுக்கு ஒரு கொண்டியை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரப்பர் பால் வெட்டுகிற தாய் விடியுமுன் இறங்க வேண்டும். கொழுந்து எடுப்பவர் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் சின்னக் குழந்தைகளைத்தான் எடுப்பார்கள். பத்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? டவுன் பக்கத்து நம்முடைய வீடுகளிலும் இதே கதைதான்: வாப்பா கடையில், உம்மா வெளிநாட்டில், பிள்ளை முழங்கால் வலிக்கிற உம்மம்மாவிடம். வெளியிலோ களுகங்கையும் அதில் சேரும் ஓடைகளும், கல் எடுத்துவிட்டு மூடாமல் போன மாணிக்கக் குழிகளும், வளைவுக்கு வளைவு லொறியும். கொண்டி போடுகிறவர்கள் பாசத்தில்தான் போடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கொண்டிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை மாற்றப் பாடுபட்டவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6இலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானிக்குப் போய் வருகிறவர்களுக்கு ஏர்வாடி தர்காவின் பெயரும் தெரிந்திருக்கும். அங்கே மனநோய் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப் போனவர்களைத் தனியார் "இல்லங்கள்" காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்தன. ஓலைக் கொட்டகை. எங்கும் ஓடிவிடாதபடி காலில் சங்கிலி. அன்று விடியற்காலை அப்படியான ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியைக் கழற்ற முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே எரிந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரு வாரத்துக்குள் அரசு அந்த இல்லங்களை மூடி, 500க்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்றது.

ஓட்டிசம் வேறு, மனநோய் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் ஏர்வாடியைச் சொல்வது அதன் பின்னால் இருந்த கணக்குக்காக. ஆளைக் கட்டிவிட்டால் ஆபத்து வராது என்பதுதான் அந்தக் கணக்கு. ஆபத்து உள்ளேயே இருந்தால்? பூட்டிய லயத்துக் காம்பராவுக்குள் அடுப்பு இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக வரிசை முழுக்க ஓடும் என்பதை நமக்குப் பத்திரிகை சொல்லித் தரத் தேவையில்லை. கொண்டி போட்ட வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தீ என்றால் என்ன செய்வது என்று யாரும் பழக்கியிருக்க மாட்டோம். அதுதான் பூட்டி வைத்தோமே!

இதை ஏதோ நம் நாடுகளின் அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய பிள்ளைகளை ஊருக்கு வெளியே பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைப்பதுதான் நூறு வருடத்துக்கு மேலாக வழமை. நியூயோர்க்கின் வில்லோபுரூக் என்ற விடுதியின் உட்புறத்தை 1972இல் தொலைக்காட்சி காட்டியபோது அந்த நாடே அதிர்ந்தது.

அந்த இருட்டுக்கு நடுவிலும் ஒரு கதை உண்டு. 1943இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தது அதனால்தான். அந்த 11 பேரில் முதலாவது பிள்ளை மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் ட்ரிப்ளெட். அவரையும் சின்ன வயதில் ஒரு விடுதியில் விட்டார்கள், பிறகு பெற்றோரே போய்த் திரும்ப அழைத்து வந்தார்கள். சில வருடங்களில் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் வளரவிட்டார்கள்.

அந்தத் தம்பதி மெத்தப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்ததை கன்னரே நேரில் போய்ப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். பையனுக்கு அளக்கும் பைத்தியம். சரி என்று அவனைக் கிணறு தோண்ட வைத்து ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பான். எண்ணிக்கொண்டே உழு என்று குதிரையையும் ஏரையும் கொடுத்தார்கள். உழுதான், வரிசை முடிவில் குதிரையைத் திருப்பவும் பழகினான். கிணறு, குதிரை, ஏர் மூன்றும் ஆபத்தானவை. அவர்கள் அவற்றை ஒளித்து வைக்கவில்லை, பக்கத்தில் நின்று பழக்கினார்கள். டொனால்ட் பின்னாளில் வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டப் பழகினார், தனியாக நாடு நாடாகப் போய் வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். ஊர் முழுக்க அவரை அறிந்திருந்தது, அவரைக் கிண்டல் செய்ய வருகிறவர்களை ஊரே தடுத்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வங்கி வைத்திருந்த குடும்பம் என்பதும் உதவியது, அதை மறைக்கக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஊர் அவ்வளவு இடம் கொடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

ஒரு தம்பதி தம் இயல்பில் செய்ததை ஒரு கொள்கையாக எழுதியவர் ரொபர்ட் பெர்ஸ்கி. கன்சாஸ் மாநிலத்து விடுதி ஒன்றில் மதகுருவாக வேலை செய்தவர். ஸ்கண்டிநேவிய நாடுகளுக்குப் போய், அங்கே இவர்கள் வேலைக்கும் கடைக்கும் தாமே போய் வருவதைப் பார்த்துவிட்டு வந்து, 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்: சின்னச் சின்ன ஆபத்தைச் சந்தித்துப் பழகுவதும் மனிதனுடைய மரியாதையில் ஒரு பங்கு. அதையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு கொடுக்கிற பாதுகாப்பு ஆளைக் குறுக்கிவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெற்ற தாய்க்கு இது போதாது. "சரி சேர், எப்படிப் பழக்குவது?" என்றுதான் அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் பதில் தேடத் தொடங்கியது அடுத்த சில வருடங்களில்.

1976இல் பேஜ், இவாட்டா, நீஃப் என்ற மூவர் அறிவு வளர்ச்சி குறைந்த 5 மாணவர்களுக்கு வீதியைக் கடக்கப் பழக்கினார்கள். வகுப்பறைக்குள்ளேயே வீதி, சந்தி, சமிக்ஞை விளக்கு எல்லாம் வைத்து ஒரு மாதிரி நகரம் செய்து, ஒரு பொம்மையை நடத்திப் பழக்கினார்கள். வீதியைக் கட என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லாமல் அதை ஐந்து திறன்களாகப் பிரித்து, ஒன்று சரியாக வந்த பிறகே அடுத்ததற்குப் போனார்கள். பின்பு உண்மையான நகர வீதியில் விட்டுப் பார்த்தார்கள். செய்தார்கள். இத்தகையவர்களுக்கு ஒருபோதும் வராது என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்த வேலை அது.

எல்லாரிடமும் வகுப்பறைப் பழக்கம் வீதிக்கு வந்து சேரவில்லை. 1983இல் வகுப்பறையில் பழகியவர்களையும் நேரே வீதியில் பழகியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் வீதியில் பழகியவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். ஆசிரியர்களான நமக்கு இது கொஞ்சம் கசக்கும். சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி "சிவப்பு என்றால்?" என்று கேட்க, பிள்ளை "நில்" என்று சொல்ல, நாம் சரி போட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளை வாயால் நிற்கும், காலால் நிற்காது. அதுவும் எங்கள் பக்கத்தில் சமிக்ஞை விளக்கு எங்கே இருக்கிறது? இரத்தினபுரி டவுனுக்குப் போனால்தான். நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது வளைவுக்கு அந்தப் பக்கம் ஹோர்ன் கேட்டால் மண்மேட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்பது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை.

1981இல் இன்னொரு கதவு திறந்தது. போச்சேயும் அவருடைய சகாக்களும் மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு, யாராவது கூப்பிட்டால் போகாமலிருக்கப் பழக்கினார்கள். கூட்டிப்போகிறவர்கள் பிள்ளையை ஏமாற்றும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: சும்மா வா என்பது, டீச்சர்தான் கூட்டிவரச் சொன்னார் என்பது, ஏதாவது தருகிறேன் என்பது. பிள்ளைக்கு முதலில் செய்து காட்டினார்கள், பிறகு நடிக்க வைத்தார்கள், சரியாகச் செய்தால் மெச்சினார்கள். கடைசியில் பிள்ளைக்குத் தெரியாத ஒருவரை அனுப்பிச் சோதித்தார்கள். இவை சாதாரணப் பிள்ளைகள். அதே முறையை 1990இல் அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்களிடமும், 2010இல் ஓட்டிசம் உள்ள மூன்று சிறுவர்களிடமும் செய்து பார்த்தார்கள். "வேண்டாம்" என்று சொல்வது, அந்த இடத்தை விட்டு ஓடுவது, தெரிந்த பெரியவரிடம் சொல்வது ஆகிய மூன்றையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் பிள்ளைகளுக்குக் கண்ணில் படும் பெரியவர் எல்லாரையும் உறவு சொல்லிக் கூப்பிடப் பழக்குகிறோம். பஸ்காரர் மாமா, கடைக்காரர் நானா, வாப்பாவின் கூட்டாளி சாச்சா. அழகான பழக்கம்தான். ஆனால் சொல்லை அப்படியே சொல்லாக எடுத்துக்கொள்கிற ஒரு பிள்ளைக்கு மாமா என்றால் மாமாதான். உம்மாவின் தம்பிக்கும் ஓட்டோவில் வந்து "மாமாவோடு வா" என்கிற அந்நியனுக்கும் நாமே ஒரே பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறோம். வீட்டு மாமாவைப் பெயரோடு சேர்த்துக் கூப்பிட வையுங்கள். வெளியாட்களுக்கு வேறு சொல் கொடுங்கள்.

இதைவிட ஆழமான விஷயத்தை கனடாவின் டேவ் ஹிங்ஸ்பர்கர் 1990களில் எழுதினார். விசேட பிள்ளைக்கு நாம் முதலில் படிப்பிப்பது "இரு, எழும்பு, வா, கையை நீட்டு" என்பதை. சொன்னதைக் கேட்டால் மெச்சுகிறோம். இப்படிப் பதினைந்து வருடம் பழகிய பிள்ளை, யார் என்ன சொன்னாலும் கேட்கும். உடுப்பைக் கழற்று என்று சொன்னாலும் கேட்கும். முழுக்கக் கீழ்ப்படியப் பழக்கினால் பிள்ளையைத் துஷ்பிரயோகத்துக்குத் தயார்ப்படுத்திவிடுகிறோம் என்பதே அவர் எச்சரிக்கை. தோட்டத்தில் துரைக்கும் கங்காணிக்கும் தலையாட்டியே நாலைந்து தலைமுறை வளர்ந்தது. எங்கள் பள்ளிகளும் மத்ரஸாக்களும் நல்ல பிள்ளைக்குக் கொடுக்கும் பட்டம் "சொல் கேட்கும் பிள்ளை". இந்த மண்ணில் ஒரு பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொல்லப் பழக்குவது சின்ன வேலையல்ல. ஒரு சாப்பாட்டை, ஒரு விளையாட்டை அது வேண்டாம் என்று சொன்னால் நாம் அதை மதிக்க வேண்டும். அங்கே தோற்ற "வேண்டாம்" வேறெங்கும் வெல்லாது.

நம் மொழி பேசும் இடத்திலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை இன்றும் விசேட கல்வி ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. 18 துறை, துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். சாப்பிடுவது, உடுத்துவது, காசு, நேரம், வீட்டு வேலை, ஊரில் பழகுவது எல்லாம் உண்டு. பிள்ளைக்கு எது முடியாது என்று எழுதாமல் எது முடியும் என்று எழுதும் பட்டியல் அது, எனக்கு அதில் மிகப் பிடித்தது அதுதான். ஆனால் பாதுகாப்பு என்று தனியாக ஒரு துறை அந்த 18இல் இல்லை. ஆக்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது உருவான காலத்தில் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதே பெரிய விஷயம்.

நம் நாட்டுக்கு வருவோம். இரத்மலானையில் மேரி சப்மன் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1912இல். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பரவலாக எடுக்கத் தொடங்கியதோ 1977இலிருந்து. சாதாரணப் பிள்ளைக்கே முப்பது வருடம் பிந்தி வந்த கல்வி, பேச்சு வராத பிள்ளையிடம் எப்போது வந்து சேரும்? அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டம் 1998இன் 50ஆம் இலக்கம். 2009இல் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பார்த்த பகுதியில் 93 பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகச் சொன்னது. அது நகரத்தை அண்டிய பகுதி. 2012 குடிசன மதிப்பீடு பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என்று ஆறு கஷ்டங்களைக் கேட்டது. ஓட்டிசத்துக்கு அதில் தனிக் கட்டம் இல்லை.

பிள்ளைகள் எங்கே சாகிறார்கள் என்பதும் வெளிநாட்டு ஆய்வுகளில்தான் எண்ணாக வந்தது. 2012இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்தபோது, நாலு வயதுக்குப் பிறகும் வீட்டைவிட்டுச் சொல்லாமல் போக முயன்ற பிள்ளைகள் 49 வீதம். கவலைப்படும் அளவு நேரம் காணாமல் போனவர்களில் 24 வீதத்தினர் நீரில் மூழ்கும் ஆபத்தில் இருந்தார்கள். 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, ஓட்டிசம் உள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்றது. பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கிறது. இதை வாசித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது நம் பக்கத்துக் கல் குழிகள். மழைக்கு நிறைந்து, மேலே பாசி படர்ந்து, பார்க்கப் புல்தரை மாதிரி இருக்கும்.

2016 மே 17. அரநாயக்கவில் மலை இறங்கி நூறு பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. அதற்குப் பிறகு 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்ற கணக்கு நமக்கும் பழகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிற பிள்ளையை நடுச்சாமத்தில் எப்படி வெளியே எடுப்பது? அந்தப் பிள்ளைக்கு ஒத்திகை தேவை, ஒரு தடவையல்ல, முப்பது தடவை. வெயில் நாளில், விளையாட்டாக, விசில் ஊதியதும் தன் பையைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போவது. போனதும் அதற்குப் பிடித்த பிஸ்கட்.

பிள்ளைக்குப் பழக்கினால் மட்டும் போதுமா? 2020 மே 25, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், கொரோனா ஊரடங்கு. தர்கா நகரில் 14 வயதுச் சிறுவன், ஓட்டிசம் உள்ள பிள்ளை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பொலிஸ் சோதனைச் சாவடியில் அவனை அடித்தார்கள். கமராக் காட்சியை நாமெல்லாம் பார்த்தோம். ஐந்து நாள் கழித்து, மே 30, ஜெருசலத்தின் பழைய நகரில் ஓட்டிசம் உள்ள 32 வயது பலஸ்தீனர் தன் விசேட பாடசாலைக்கு நடந்து போகும் வழியில் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மாற்றுத்திறனாளி என்று தான் கத்திச் சொன்னதாக அங்கே நின்ற பராமரிப்பாளர் சொன்னார். அவர் செய்த தவறு எதுவுமில்லை. பழக்கிய பாதையில்தான் போனார்.

அமெரிக்காவில் டெனிஸ் டெபோட் என்ற தந்தை 1994இலேயே பொலிஸாருக்காக ஒரு சிறு கைநூல் எழுதினார். இந்தப் பிள்ளை கண்ணைப் பார்க்காது, கேட்டதையே திருப்பிச் சொல்லும், தொட்டால் திமிறும், அதைத் திமிர் என்று எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கும் நூல். அத்தகைய கைநூல் சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வொரு பொலிஸ் நிலைய மேசையிலும் இருக்க வேண்டும்.

2012இல் ஓட்டிசம் உள்ள மூன்று பிள்ளைகளுக்கு, கடைகளில் தொலைந்துபோனால் என்ன செய்வதென்று பழக்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. முதலில் பெற்றோரைச் சத்தமாகக் கூப்பிடுவது, பிறகு கடை ஊழியரிடம் போய்த் தொலைந்துவிட்டேன் என்று சொல்வது. தோட்டத்தில் சீருடை போட்ட கடை ஊழியர் எங்கே? நம் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைக் காம்பரா அம்மாவா, பள்ளிவாசல் மோதினாரா, சந்திக் கடைக்காரரா? ஆளை முடிவு செய்து, அவரிடம் பேசி, பிள்ளையைக் கூட்டிப்போய் அவர் முகத்தைக் காட்டி, வாரம் ஒரு தடவை அங்கே நடந்து பழக வேண்டும். அந்த ஆளுக்கும் பிள்ளையின் பெயர், பயம், பிடித்த பொருள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சந்திக் கடைக்காரர் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

இதற்காக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில் மூடாமல் கிடக்கும் குழிகள் எங்கே இருக்கின்றன என்று இடத்தின் பெயரோடு கீழே எழுதுங்கள். கிராம சேவையாளரிடம் எழுத்தில் கொடுக்கப் பட்டியல் சேர்க்கிறோம். பிள்ளையின் பெயர், படம், வீட்டு விவரம் எதையும் இங்கே போட வேண்டாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் அதையும் இங்கே எழுத வேண்டாம், 1929க்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.